அத்தை மகனைக் கட்டும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

காரிமங்கலம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 31. ஆறு வயதில் ஒரு மகள். தாத்தா ஐம்பதைத் தாண்டியதும் ‘வயித்துக் கட்டி’ வந்து இறந்தாராம். அப்பாவுக்கு மலத்தில் ரத்தம் போனபோது மூலம் என்று எட்டு மாதம் மருந்து கொடுத்திருக்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிவதற்குள் ஈரல் வரை பரவிவிட்டது. 46 வயதில் போய்விட்டார். இப்போது 38 வயது அண்ணனுக்கு வலது பக்கப் பெருங்குடலில் கட்டி. பெங்களூரில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. பயாப்ஸி ரிப்போர்ட்டின் கடைசியில் “எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 புரதங்கள் காணப்படவில்லை” என்று ஒரு வரி இருக்கிறது. அதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. நெட்டில் தேடியபோது ‘பரம்பரை’ என்ற சொல் வந்திருக்கிறது; அதிலிருந்து தூக்கம் இல்லை.

கடிதத்தில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. அப்பாவின் தங்கைக்கு, அதாவது அத்தைக்கு, 49 வயதில் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து அதை எடுத்துவிட்டார்கள். ஏழு வருடமாக நன்றாக இருக்கிறார். அந்த அத்தையின் மகனுக்குத்தான் வாசகியின் 24 வயது தங்கையைப் பேசி முடித்திருக்கிறார்கள். தை மாதம் கல்யாணம். “இதையெல்லாம் கிளறினா கல்யாணம் நின்னுடும், வாயை மூடிக்கிட்டு இரு” என்கிறார் அம்மா. சொந்தக்காரர்களோ, “ஆம்பளைங்களுக்குத்தானே வந்திருக்கு, நீ உங்கம்மா ஜாடை, உனக்கு வராது” என்கிறார்கள். ஊர்த் தண்ணீர்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். “நான் டெஸ்ட் எடுக்கணுமா? குடலையும் கர்ப்பப்பையையும் இப்பவே எடுத்துடலாமா? என் மகளுக்கும் வருமா?” என்று கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: தனக்கும் எப்போதாவது மலத்தில் ரத்தம் தெரிகிறது, ஹீமோகுளோபின் 9-தான் இருக்கிறது, சத்து மாத்திரை சாப்பிடுகிறார்.

சகோதரி, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நம் பக்கத்துப் பெண்களிடம் ரத்தசோகை சாதாரணம்தான். மூலமும் சாதாரணம்தான். ஆனால் உங்கள் குடும்பத்தில் அந்த இரண்டையும் சாதாரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வலது பக்கப் பெருங்குடலில் வரும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தைக் கசியவிடும். வெளியே தெரிவது அசதியும் ரத்தசோகையும் மட்டும்தான். உங்களுக்குக் கட்டி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் இந்த மாதமே நீங்கள் கொலோனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும். மரபணுப் பரிசோதனை, கல்யாணப் பேச்சு எதற்காகவும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரி என்ன சொல்கிறது

உடம்பில் செல்கள் பிரியும்போதெல்லாம் டிஎன்ஏவைப் பார்த்துப் பிரதி எடுக்கின்றன. அப்போது எழுத்துப் பிழைகள் விழும். அவற்றைத் திருத்துவதற்கு எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்று நான்கு மரபணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும்வரை தண்ணீர் வரும். பிறக்கும்போதே ஒரு பிரதி பழுதாக இருப்பவருக்கு, குடலில் ஏதோ ஒரு செல்லில் இன்னொன்றும் பழுதாகிவிட்டால் அங்கே திருத்தம் நின்றுபோகிறது. பிழைகள் சேர்ந்து கட்டி உருவாகிறது. இந்தப் பரம்பரை நிலைக்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர்.

உங்கள் அண்ணனின் கட்டியில் எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 இரண்டு புரதங்களும் இல்லை. இந்த இரண்டும் ஜோடியாக வேலை செய்பவை. எம்எஸ்எச்2 பழுதானால் எம்எஸ்எச்6-உம் நிலைக்காது. அதனால் எம்எஸ்எச்2 மரபணுவின் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். பெருங்குடல் புற்றுநோய் வருபவர்களில் சுமார் நூற்றுக்கு மூன்று பேருக்கு லிஞ்ச் இருக்கும். பெரும்பாலானவர்களின் நோய் பரம்பரையாக வருவதில்லை. ஆனால் உங்கள் வீட்டுக் கதையையும் இந்த ரிப்போர்ட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், இது லிஞ்ச் என்று எண்ண வலுவான காரணம் இருக்கிறது.

அந்த வரி அண்ணனின் சிகிச்சைக்கும் முக்கியம். இவ்வகைக் கட்டி இரண்டாம் நிலையில் இருந்தால், வழக்கமாகக் கொடுக்கும் 5-எஃப்யூ என்ற கீமோதெரபி மருந்தைத் தனியாகக் கொடுப்பதில் பலன் இல்லை. பரவிய நிலையில் இருந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றைத் தாக்கவைக்கும் இம்யூனோதெரபி மற்றவர்களைவிட இவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. செலவு அதிகம்தான், ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி. அடுத்த முறை போகும்போது ரிப்போர்ட்டில் அந்த வரியைக் கோடிட்டு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீரும் ஜாடையும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவே பெரிய காரணம். ஆனால் ஃப்ளோரைடு கெடுப்பது பல்லையும் எலும்பையும். தண்ணீர்தான் காரணம் என்றால் அதே குழாயில் பிடித்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் வந்திருக்க வேண்டும். வேறு ஊருக்குக் கட்டிக்கொடுத்த அத்தைக்கு வந்திருக்கக் கூடாது. உங்கள் வீட்டில் நோய் ரத்த உறவில்தான் போயிருக்கிறது.

ஜாடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முகத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் வேறு, இது வேறு. பழுதான பிரதி அப்பாவிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. அண்ணனுக்கு வந்துவிட்டதால் உங்களுக்கு வராது என்றும் இல்லை, நிச்சயம் வரும் என்றும் இல்லை. உங்களுக்கும் தங்கைக்கும் தனித்தனியாகப் பாதிக்குப் பாதி.

அத்தையை மறந்துவிட்டீர்கள்

கடிதத்தில் நீங்கள் “எங்கள் குடும்பத்தில் மூன்று பேர்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது நான்கு. அத்தை இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டதால், அதுவும் அது கர்ப்பப்பை நோய் என்பதால், கணக்கில் வரவில்லை. நம் ஊரில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. பரம்பரையாக யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டால் பங்காளி வீடுகளை மட்டும் எண்ணிச் சொல்வார்கள். கட்டிக்கொடுத்த பெண்கள், அவர்கள் பிள்ளைகள், அம்மா வழி ஆட்கள் எல்லோரும் விடுபட்டுப் போவார்கள். மரபணுவுக்குத் தாலியும் தெரியாது, குலதெய்வமும் தெரியாது.

லிஞ்ச் உள்ள பெண்களுக்குக் குடலுக்கு அடுத்து, சில நேரம் குடலுக்கும் முன்பே, நோய் வரும் இடம் கர்ப்பப்பையின் உள்சுவர். எம்எஸ்எச்2 பழுது இருந்தால் வாழ்நாளில் குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 33 முதல் 52 சதவீதம், கர்ப்பப்பைக்கு 21 முதல் 57 சதவீதம். இந்த உறவு மருத்துவத்துக்குப் புதிதும் அல்ல. 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் துணி தைத்துப் பிழைத்த ஒரு பெண், தன் வீட்டில் எல்லோரும் குடலிலும் கர்ப்பப்பையிலும் நோய் வந்தே சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று ஆல்ட்ரெட் வார்தின் என்ற பேராசிரியரிடம் சொன்னார். சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இளவயதில் இறந்தார். வார்தின் அந்தக் குடும்பத்தைப் பற்றி 1913-இல் எழுதினார். 1966-இல் ஹென்றி லிஞ்ச் இதே மாதிரி வேறு குடும்பங்களை எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நின்றது. அந்தப் பெண்ணுக்கு அன்று செய்வதற்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கு நிறைய இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கர்ப்பப்பையை எடுத்து ஏழு வருடம் ஆனதால் அத்தை தப்பித்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறீர்கள். அவருடைய குடலை யாராவது பார்த்தார்களா? கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. 56 வயதில் அவருக்கு கொலோனோஸ்கோப்பி உங்களுக்கு இருக்கும் அளவு அவசரம். கல்யாணப் பேச்சை எப்படி எடுப்பது என்று தயங்குகிறீர்களே, அத்தையின் உடம்பை முன்னிட்டே பேச்சைத் தொடங்கலாம்.

அண்ணனின் ரத்தம் முதலில்

நீங்கள் ஓடிப்போய் உங்கள் ரத்தத்தைக் கொடுக்க வேண்டாம். முதலில் அண்ணனுடையது. நோய் வந்தவரின் ரத்தத்தில் எந்த மரபணுவில், எந்த இடத்தில் பழுது என்று கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறையும், விடையும் தெளிவாக வரும். அண்ணனைப் பார்க்காமல் உங்களை மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று வந்தால், நிஜமாகவே இல்லையா, தேடியதில் சிக்கவில்லையா என்று சொல்ல முடியாது.

அண்ணனுக்குப் பரிசோதனை எழுதும்போது, மரபணுவில் பெரிய துண்டாக விடுபட்டுப் போனதையும், எம்எஸ்எச்2-க்குப் பக்கத்தில் இருக்கும் எப்கேம் மரபணுவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில மலிவான பரிசோதனைகள் இதை விட்டுவிடும்.

பழுது கண்டுபிடிக்கப்பட்டு உங்களுக்கு அது இல்லை என்று வந்தால், நீங்கள் மற்ற எல்லோரையும் போலத்தான். உங்கள் மகளுக்கும் இந்த வழியில் பயம் இல்லை. இருக்கிறது என்று வந்தால் அது புற்றுநோய் வந்துவிட்டது என்ற செய்தி அல்ல. எங்கே, எப்போது பார்க்க வேண்டும் என்று சொல்லும் செய்தி. மூன்றாவதாக, ‘ஒரு மாற்றம் இருக்கிறது, அதன் பொருள் தெரியவில்லை’ என்றும் ரிப்போர்ட் வரலாம். அதை வைத்துக்கொண்டு யாரும் அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது, யாரும் நிம்மதியாகவும் இருக்கக் கூடாது. அண்ணனிடம் ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் உங்கள் குடும்பத்துக்குக் கண்காணிப்பு தொடர வேண்டும்.

தங்கை கல்யாணம்

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. கணவரை 46 வயதில் இழந்தவர், இப்போது மகன் படுத்திருக்கிறார், இந்த ஒரு நல்ல காரியமாவது நடக்கட்டும் என்று நினைக்கிறார். அவரைக் கோபிக்காதீர்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்வதை மட்டும் ஏற்காதீர்கள்.

தங்கைக்கு இந்தப் பழுது இருக்க 50 சதவீத வாய்ப்பு. அத்தைக்கு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டால் அத்தை மகனுக்கும் 50 சதவீதம். இரண்டு பேருக்கும் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படி இருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பக்கமிருந்தும் பழுதான பிரதியே வந்து சேர நான்கில் ஒரு வாய்ப்பு. யாரையும் பரிசோதிக்காத இன்றைய நிலையில் மொத்தமாகப் பார்த்தால் 16-இல் ஒன்று.

இரண்டு பிரதியும் பழுதாகப் பிறக்கும் குழந்தைக்கு வரும் நோய் லிஞ்ச் போல நாற்பது வயதுக்குக் காத்திருக்காது. தோலில் பால்காபி நிறத் திட்டுகள் தெரியும். சிறு வயதிலேயே மூளைக் கட்டி, ரத்தப் புற்றுநோய், பத்துப் பதினைந்து வயதில் குடல் புற்றுநோய் என்று வரும். அரிதான நோய்தான். ஆனால் ஒரே பழுது ஓடும் குடும்பத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது அந்த அரிது அருகில் வந்துவிடுகிறது. சொந்தத்தில் கட்டுவதை நான் பொதுவாகக் குறை சொல்லவில்லை. இந்த ஜோடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கல்யாணத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அது தங்கையும் அந்தத் தம்பியும் முடிவு செய்ய வேண்டியது. அண்ணனின் முடிவு வந்ததும் இருவரும் ரத்தம் கொடுக்கட்டும். இரண்டு பேரில் ஒருவருக்கு இல்லை என்று வந்தாலே இந்தக் குறிப்பிட்ட ஆபத்து போய்விடும். தையிலேயே மேளம் கொட்டலாம். இரண்டு பேருக்கும் இருக்கிறது என்று வந்தால், அப்போதும் வழிகள் உண்டு: கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம், அல்லது சோதனைக்குழாய் முறையில் உருவாக்கிய கருவைப் பரிசோதித்துக் கர்ப்பப்பையில் வைக்கலாம். எதுவுமே தெரியாமல் கட்டிக்கொண்டு, பின்னால் ஒரு குழந்தையின் படுக்கை பக்கத்தில் உட்கார்ந்து “அப்பவே தெரியுமாமே” என்று கேட்கும் நிலைமை வேண்டாம்.

முடிவு வருவதற்குத் தை தாண்டிவிட்டால் மாசி, பங்குனி இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம். தங்கையின் சம்மதம் இல்லாமல் அவர் ரத்தத்தை எடுக்கக் கூடாது. முடிவை அவர் சொல்ல விரும்பாத யாரிடமும் டாக்டர் சொல்ல மாட்டார், நீங்களும் சொல்லக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

எம்எஸ்எச்2 குடும்பங்களில் 20 - 25 வயதிலிருந்து ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி. உங்களுக்கும் தங்கைக்கும் அந்த வயது வந்தாயிற்று. மற்றவர்களுக்குக் குடலின் உள்சுவரில் முளைக்கும் சிறு பாலிப் (சதை வளர்ச்சி) ஒன்று புற்றாக மாறப் பத்து வருடமோ அதற்கு மேலோ ஆகும். லிஞ்ச் உள்ளவர்களுக்கு ஒன்று முதல் மூன்று வருடத்திலேயே மாறிவிடும். அதனால்தான் இடைவெளி குறைவு. முந்தின நாள் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்வதுதான் சிரமம். பரிசோதனை மயக்க ஊசி போட்டு அரை மணிக்குள் முடிந்துவிடும். பாலிப் இருந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள்.

நன்றாக இருக்கும் குடலை முன்கூட்டியே எடுக்க வேண்டாம். ஒழுங்காகக் கண்காணித்தால் போதும். கர்ப்பப்பை விஷயம் வேறு. அதற்கு அவ்வளவு நம்பகமான கண்காணிப்பு இல்லை. பழுது இருப்பது உறுதியானால், பிள்ளை பெற்று முடித்த பிறகு, 40 வயதை ஒட்டிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுப்பது பற்றிப் பேசலாம். சினைப்பையை எடுத்தால் உடனே மாதவிடாய் நின்றுவிடும், எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம், அதற்கும் சிகிச்சை வேண்டும். 31 வயதில், பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் எடுக்கவே எடுக்காதீர்கள். அதுவரை, மாதவிடாய்க்கு இடையிலோ வழக்கத்துக்கு அதிகமாகவோ ரத்தம் போனால் உள்சுவரிலிருந்து திசு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை நல்லது, ஆனால் அது இந்த நோயைக் காட்டாது.

ஆஸ்பிரின் பற்றியும் படித்திருப்பீர்கள். லிஞ்ச் உள்ள 861 பேரிடம் நடந்த ஆய்வில், தினம் 600 மில்லிகிராம் வீதம் இரண்டு வருடமாவது சாப்பிட்டவர்களுக்குப் பிற்காலத்தில் குடல் புற்றுநோய் குறைவாகவே வந்தது. நல்ல செய்திதான், ஆனால் ரத்தசோகையும் ரத்தப்போக்கும் இருக்கும் நீங்கள் இப்போது அதைத் தொடவே கூடாது.

உங்கள் மகளை இப்போது பரிசோதிக்க வேண்டாம். லிஞ்ச் குழந்தைப் பருவத்தில் நோய் கொடுப்பதில்லை. உங்களை அசலில் கட்டிக்கொடுத்ததால் மேலே சொன்ன இரட்டைப் பழுது பற்றியும் கவலை வேண்டாம். 18 வயதுக்குப் பிறகு அவளே முடிவு செய்யட்டும். அண்ணன் பிள்ளைகளுக்கும் இதேதான்.

எங்கே போவது

உங்கள் ஊரிலிருந்து சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மரபணு ஆலோசனைக்கு வேலூர் சிஎம்சி, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, இல்லையென்றால் அண்ணனுக்குச் சிகிச்சை நடக்கும் பெங்களூரிலேயே கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். மரபணுப் பரிசோதனை அதில் வருமா என்று காப்பீட்டு கவுண்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தனியார் மருத்துவக் காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால் படிவத்தில் குடும்ப நோயை மறைக்காதீர்கள். பின்னால் பணம் கேட்கும்போது அதுவே வினையாகும். மரபணு நோய் என்ற ஒரே காரணத்தைக் காட்டி ஒதுக்குவது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. ஆனால் இதற்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அதனால் பாலிசியில் விலக்குகள் என்று போட்டிருக்கும் பகுதியை முழுக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

போகும்போது அண்ணனின் பயாப்ஸி ரிப்போர்ட், அத்தையின் பழைய அறுவை சிகிச்சைக் காகிதங்கள், அப்பாவின் ரிப்போர்ட் ஏதாவது பெட்டியில் கிடந்தால் அதுவும் வேண்டும். கட்டியிலிருந்து எடுத்த திசுவை மெழுகுக் கட்டியாகச் செய்து மருத்துவமனை லேபில் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். அத்தைக்கு அறுவை சிகிச்சை நடந்த இடத்தில் அது இன்னும் இருந்தால், அதிலும் இந்த நான்கு புரதங்களைப் பார்க்கலாம். அப்புறம் ஒரு தாளில் தாத்தாவில் தொடங்கி எல்லோரையும் எழுதிக்கொள்ளுங்கள்: தாத்தாவின் கூடப் பிறந்தவர்கள், அவர்கள் பெண்கள், பேரன் பேத்திகள், யாருக்கு எந்த வயதில் என்ன நோய். பெயர் தெரியாதவர்களுக்கு ‘பென்னாகரத்து அத்தை’ என்று எழுதினாலும் போதும்.